மலை பெறாத ஆறு: கனகராயன் ஆற்றின் மேடும் பள்ளமும்

ஆறு என்றதும் பள்ளிக்கூடப் புவியியல் புத்தகம் மலையில்தான் தொடங்கும். உச்சியில் ஊற்று, அடுத்து அருவி, பள்ளத்தாக்கு, சமவெளி, கடைசியில் கழிமுகம். வட இலங்கையின் வன்னிப் பிள்ளைகளும் அந்தப் படத்தைக் கீறித்தான் பரீட்சை எழுதுகிறார்கள். பாடசாலை விட்டுப் போகும் வழியில் தாம்போதியில் கால் நனைத்துக் கடக்கும் ஆறு அந்தப் படத்தில் எந்த இடத்தில் வருகிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. கனகராயன் ஆறு அந்தப் படத்தில் எந்த இடத்திலும் வராது. அதற்கு மலை இல்லை.

வவுனியா நகரமே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. அதற்கு வடக்கே ஓமந்தை, சேமமடு, புளியங்குளம் பக்கத்து மேட்டுக்காடுகளில் சேரும் மழைத்தண்ணீர், கனகராயன்குளம், மாங்குளம் பக்கமாக வடக்கே வந்து, இரணைமடுக் குளத்தில் தங்கி, கண்டாவளைப் பக்கம் கடந்து சுண்டிக்குளம் கடனீரேரியில் (கடலோடு தொடுத்த உவர்நீர் ஏரியில்) விழுகிறது. ஓடும் தூரம் 80 கிலோமீற்றருக்கு மேல். இறங்கும் உயரம் 100 மீற்றருக்குள். ஆகக் கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று மீற்றர் நீளப் பலகையின் ஒரு முனைக்குக் கீழே இரண்டு நாணயக் குற்றிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் எவ்வளவு சரிவு வருமோ, அவ்வளவுதான் இந்த ஆற்றின் மொத்தச் சரிவு.

இந்த ஆறு ஏன் வருடத்தின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது, ஏன் ஒரே இரவில் கரை மேவுகிறது, ஏன் முன்னோர் இரண்டு மைலுக்கு ஒரு குளம் கட்டினார்கள், ஏன் கண்டாவளையில் வெள்ளம் வந்தால் நாட்கணக்கில் வடிவதில்லை என்ற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் அந்த இரண்டு குற்றிச் சரிவில் இருக்கிறது. இரணைமடுக் குளக்கட்டின் மேல் நின்று தண்ணீரைப் பார்ப்பவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஆற்றை அறிய வேண்டுமானால் கட்டுக்கு முதுகைக் காட்டித் தெற்கே போக வேண்டும்.

மேட்டைக் கண்டுபிடிப்பது

மலைநாட்டில் நீர்பிரி மேடு கண்ணுக்குத் தெரியும். வன்னியில் அது காட்டுக்குள் ஒளிந்திருக்கும். ஆனால் அதன் வேலை மலை முகட்டின் வேலையேதான். வவுனியாவின் மேல் ஒரே மழை பெய்கிறது. நகருக்குத் தெற்கே விழுந்த தண்ணீர் அருவி ஆற்றோடு சேர்ந்து மன்னார்க் கடலுக்குப் போகிறது. வடக்கே விழுந்தது கனகராயன் ஆற்றோடு ஆனையிறவுப் பக்கம் போகிறது. மாங்குளம் மேட்டுக்கு மேற்கே விழுவது பாலி ஆற்றுக்கும் வவுனிக்குளத்துக்கும், கிழக்கே விழுவது பேராற்றுக்கும் முத்தையன்கட்டுக்கும் போகும். பறங்கி ஆறு, மண்டைக்கல் ஆறு, அக்கராயன் ஆறு, நெத்தலி ஆறு என்று வன்னியின் ஆறுகள் நடு மேட்டிலிருந்து குடைக்கம்பி போல நாலாபக்கமும் பிரிகின்றன. கனகராயன் ஆறு அந்தக் குடையின் வடக்குக் கம்பி.

அந்த மேட்டை நிலத்தில் கண்டுபிடிக்க இலகுவான வழி மதகு பார்ப்பது. நல்ல மழை பெய்து ஒரு மணித்தியாலத்துக்குள், மேடு இருக்கக்கூடிய இடத்தில் கிழக்கு மேற்காகக் குறுக்கே போகும் கிராம வீதியில் சைக்கிளில் போய், ஒவ்வொரு மதகிலும் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போகிறது என்று குறிக்க வேண்டும். அதோடு வீதியோர வாய்க்காலில் தண்ணீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதையும் குறிக்க வேண்டும். ஒரு இடம் வரை வாய்க்கால் கிழக்கே ஓடும். சில நூறு மீற்றர் தாண்டியதும் மேற்கே ஓடும். இடையில் மதகே இல்லாத ஒரு துண்டு இருக்கும். அதுதான் மேடு. மைலுக்கு ஓரங்குலம் காட்டும் பழைய நில அளவைப் படத்தை வைத்துக்கொண்டு இப்படி நாலு வீதி பார்த்தால், படத்தில் சமவுயரக் கோடு சொல்லாததை மதகு சொல்லிவிடும்.

மழை இல்லாத நாளில் மண்ணைப் பார்க்கலாம். மேட்டில் செம்மண்ணும் கிரவலும் இருக்கும். காலடியில் சிறு கற்கள் நறநறக்கும். பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும். கறையான் புற்றுகள் மாரியில் தண்ணீர் தேங்காத இடத்தில்தான் உயர்ந்து நிற்கும். சரிவில் இறங்க இறங்கச் செம்மை வெளுத்து, பள்ளத்தில் சாம்பல் நிறக் களி வரும். அங்கே மருதும் நாவலும் தொடங்கும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உயர வித்தியாசம் ஐந்தாறு மீற்றர்தான் இருக்கும். ஆனால் வீடு கட்டுவதா வயல் வெட்டுவதா என்பதை அந்த ஐந்தாறு மீற்றர்தான் தீர்மானிக்கிறது. மழை தெளிந்த மறுநாள் ஒரு பிடி மண்ணை உருட்டிப் பாருங்கள். மேட்டு மண் உதிரும். பள்ளத்து மண் கயிறாகத் திரியும், வளைத்தால் முறியாது.

ஊர்ப்பெயரும் ஒரு வரைபடம்தான். சேமமடு, ஒலுமடு, இருட்டுமடு, இரணைமடு என மடு வருகிற இடமெல்லாம் தண்ணீர் கோடையிலும் தங்குகிற ஆழம். மாங்குளம், புளியங்குளம், கனகராயன்குளம் எல்லாம் தண்ணீரை மறித்த இடங்கள். முத்தையன்கட்டு, உடையார்கட்டு, பல்லவராயன்கட்டு கட்டின் பெயரால் நிற்பவை. தண்ணிமுறிப்பு என்ற பெயரைக் கேட்டால் எப்போதோ ஒரு கட்டு உடைந்தது காதில் விழுகிறது. மோட்டை என்று முடிந்தால் சிறு தேக்கம். இந்தப் பெயர்களை மட்டும் ஒரு தாளில் இடம் பார்த்து எழுதினாலே வன்னியின் நீர்வழிகள் பாதி தெரிந்துவிடும். புதிதாக வைக்கிற பெயர்ப்பலகைகளில் இவை சிதைந்து எழுதப்படும்போது இழப்பது வெறும் எழுத்தை மட்டுமல்ல.

காட்டுக்குள் இறங்குவோருக்கு ஒரு எச்சரிக்கை. சிவப்பு மிதிவெடிப் பலகையோ பழைய நாடாவோ கண்டால் அதற்கு அப்பால் ஒரு அடியும் வைக்கக்கூடாது. நடந்து பழகிய மாட்டுப்பாதையை விட்டு விலகாமல் போக வேண்டும். கோடையில் ஆற்றில் மிஞ்சியிருக்கும் ஒரே மடுவில்தான் முதலையும் இருக்கும்.

ஒரு மில்லிமீற்றர் மழை எவ்வளவு

கனகராயன் ஆற்றின் மொத்த வடிநிலம் ஏறத்தாழ 900 சதுர கிலோமீற்றர். அதில் இரணைமடுவுக்கு மேலே இருப்பது 600க்குச் சற்றுக் குறைவு. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்திருந்தால் மாரிகாலத்தில் பாதிப் பதற்றம் குறையும், மீதிப் பாதி சரியான நேரத்தில் வரும்.

600 சதுர கிலோமீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 6 இலட்சம் கனமீற்றர் தண்ணீர். 100 மில்லிமீற்றர் என்றால் 60 மில்லியன் கனமீற்றர். ஆனால் அவ்வளவும் ஆற்றுக்கு வராது. எவ்வளவு வரும் என்பது மழையை விட மாதத்தில்தான் தங்கியிருக்கிறது. புரட்டாதி முடிவிலும் ஐப்பசித் தொடக்கத்திலும் நிலம் வெடித்துக் கிடக்கும். செம்மண் காய்ந்தால் செங்கல், ஆனால் அதன் வெடிப்புகள் முதல் மழையை அப்படியே விழுங்கிவிடும். பிறகு ஓடைகளில் உள்ள மோட்டைகள் நிறைய வேண்டும், பிறகு சிறுகுளங்கள். ஐப்பசியில் 100 மில்லிமீற்றர் பெய்தும் ஆறு அசையாமல் கிடப்பதைப் பார்த்து "இந்த வருசம் மழை பொய்த்துப்போச்சு" என்பவர்கள் உண்டு. மழை பொய்க்கவில்லை. நிலம் தன் கடனை அறவிடுகிறது.

மார்கழியில் கதை தலைகீழ். வெடிப்பு மூடி, மண் ஊறி, குளங்கள் நிறைந்து வான் பாயும் (மிகுதித் தண்ணீர் வெளியேறும்) நிலையில் இருக்கும்போது அதே 100 மில்லிமீற்றர் பெய்தால் பாதிக்கு மேல் அப்படியே ஆற்றுக்கு வரும். 30 மில்லியன் கனமீற்றர். இரணைமடுவின் முழுக் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு, ஒன்றிரண்டு நாளில். வங்கக்கடலில் தாழமுக்கம் உருவாகி 300 மில்லிமீற்றர் கொட்டினால், வடிநிலத்தில் விழும் மழை மட்டும் குளத்தின் முழுக் கொள்ளளவையும் மிஞ்சிவிடும். எனவே மழைமானியில் இன்று எவ்வளவு என்று கேட்பதோடு, இந்த மாரியில் இதுவரை எவ்வளவு என்றும், மேலே சிறுகுளங்கள் வான் பாய்கின்றனவா என்றும் கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல ஓமந்தையிலும் புளியங்குளத்திலும் கைத்தொலைபேசியோடு நாலு பேர் இருந்தால் போதும். கீழே கண்டாவளையில் இருப்பவர்களுக்கு அது பல மணித்தியால அவகாசம் தரும்.

ஆற்றில் எவ்வளவு ஓடுகிறது என்று அளப்பதும் பெரிய வித்தையில்லை. நேராக ஓடும் 20 மீற்றர் துண்டு ஒன்றைத் தெரிவு செய்து இரண்டு முனையிலும் கரையில் தடி நட வேண்டும். பாதி தண்ணீர் நிரப்பி மூடிய போத்தலை மேல் தடிக்குச் சற்று மேலேயே நடு ஓட்டத்தில் விட்டு, தடி தாண்டும் நேரத்திலிருந்து மறுதடி வரை எண்ண வேண்டும். வெறும் போத்தலைக் காற்று தள்ளிவிடும். பாதி நிறைந்தது தண்ணீரோடு போகும். ஐந்து முறை விட்டுச் சராசரி எடுக்க வேண்டும். 25 வினாடி என்றால் வேகம் வினாடிக்கு 0.8 மீற்றர். அடித்தண்ணீரும் கரையோரத் தண்ணீரும் மெதுவாகப் போவதால் அதை 0.85ஆல் பெருக்கினால் 0.68. ஆற்றின் அகலம் 12 மீற்றர், கயிறு கட்டி ஒவ்வொரு மீற்றருக்கும் தடி விட்டுப் பார்த்த சராசரி ஆழம் 0.6 மீற்றர் என்றால், வெட்டுமுகம் 7.2 சதுர மீற்றர். இரண்டையும் பெருக்க, வினாடிக்கு 4.9 கனமீற்றர். ஒரு நாள் முழுதும் இப்படி ஓடினால் 4 இலட்சத்து 20 ஆயிரம் கனமீற்றர், ஏறத்தாழ 340 ஏக்கர் அடி (ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரம் நிற்கும் தண்ணீர் ஒரு ஏக்கர் அடி). முழங்காலுக்கு மேல் தண்ணீர் வேகமாக ஓடினால் இறங்கக்கூடாது. பாலத்தில் நின்று கயிற்றில் கல்லைக் கட்டி ஆழம் பார்த்தால் போதும்.

குளங்களின் சங்கிலி

இந்த ஆற்றின் மேற்பாகத்தைப் படத்தில் பார்த்தால் ஒரு நீலக்கோடு தெரியாது. நூலில் கோத்த மணி போலக் குளம், கீழே வயல், வயலுக்குக் கீழே இன்னொரு குளம் என்றுதான் தெரியும். மேல்குளத்து வயலில் வடிந்த தண்ணீர் கீழ்க்குளத்தின் அலைகரைக்கு வரும். அதே தண்ணீர் நாலைந்து கைமாறிய பிறகே ஆறு என்ற பெயரைப் பெறுகிறது. கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் சரிவில் பெரிய அணை கட்ட இடமில்லை. ஆனால் மூன்று மீற்றர் உயரக் கட்டு போட்டாலே தண்ணீர் தெற்கே கிலோமீற்றர் கணக்கில் பரவி நிற்கும். சரிவின் குறைபாட்டையே முன்னோர் வசதியாக மாற்றினார்கள். பரவி நிற்பதால் வெயில் குடிக்கும் பங்கும் பெரிது. சோளகக் காற்று வீசும் கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகிறது என்று வைத்தாலும் 150 நாளில் முக்கால் மீற்றர் போய்விடும். இரண்டு மீற்றர் ஆழச் சிறுகுளத்துக்கு அது பெரிய இழப்பு. குளத்தைச் சுற்றி மரம் நிற்க வேண்டும் என்பதற்குக் காற்றை மறிப்பதும் ஒரு காரணம்.

சங்கிலியில் எங்கே பிழை வரும் என்பதையும் சொல்ல வேண்டும். சிறுகுளக் கட்டு பெரும்பாலும் மேலால் தண்ணீர் மேவித்தான் உடைகிறது. மேவுவதற்கு முதற்காரணம் வான். வான் என்பது குளம் நிறைந்தபின் மிகுதி தானாக வெளியேறும் தாழ்ந்த வாசல். சிறுபோகத்துக்கு (கோடைகால நெல்லுக்கு) இன்னும் கொஞ்சம் தண்ணீர் மிச்சப்படட்டும் என்று அதில் மண்மூட்டை அடுக்குவார்கள். ஒரு அடி உயர்த்தினால் குளத்தில் நிற்கும் தண்ணீர் கணிசமாகக் கூடும், உண்மைதான். ஆனால் கட்டின் தலைக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே விட்டிருந்த பாதுகாப்பு இடைவெளியில் அந்த ஒரு அடி போய்விடும். மார்கழி இரவில் காற்றோடு மழை வந்தால் அலை கட்டுக்கு மேல் அடிக்கும். மண் கட்டில் தண்ணீர் மேவத் தொடங்கினால் வெளிச்சரிவு அரித்து, மணித்தியாலக் கணக்கில் கட்டு பிளந்துவிடும்.

அடுத்த காரணம் கட்டின் மேல் வளர்ந்த மரம். நிற்கும் வரை வேர் பிடிக்கும். பட்டுப்போனபின் வேர் உக்கி, அந்த ஓட்டைவழியே தண்ணீர் ஊடுருவும். எலி வளை, நண்டு வளை, கறையான் புற்று எல்லாம் இதே வேலையைச் செய்யும். கட்டின் வெளிப்புற அடியில் கசிவைக் கண்டால் நிறம் பார்க்க வேண்டும். தெளிந்த கசிவு வழமையானது. கலங்கி வந்தால் கட்டின் உள்ளே மண் கரைகிறது என்று பொருள். அன்றே ஆள் கூட்ட வேண்டும். கசிவு வாயைக் களியால் அடைக்க ஓடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. அடைத்தால் தண்ணீர் வேறு இடத்தால் பீறும். வெளிப்புறத்தில் முதலில் மணலும் அதன்மேல் கிரவலும் போட்டு, தண்ணீர் வரட்டும், மண் மட்டும் வராதிருக்கட்டும் என்று செய்ய வேண்டும். துருசை (பாசனக் கதவை) திறந்து மட்டத்தைக் குறைக்க வேண்டும்.

ஒரு மேல்குளம் உடைந்தால் அதன் முழுத் தண்ணீரும் ஒரே நேரத்தில் அடுத்த குளத்துக்கு வரும். அது ஏற்கனவே நிறைந்திருக்கும். அதன் வான் இவ்வளவு தண்ணீருக்கு அமைக்கப்பட்டதல்ல. ஆகச் சங்கிலி மேலிருந்து கீழாக அறுந்துகொண்டு வரும். எனவே திருத்தப் பணம் வந்தால் மேலே உள்ள சிறுகுளத்தில்தான் தொடங்க வேண்டும் என்பதே சரியான முறை. நடப்பது பெரும்பாலும் வேறு. வீதியோரத்தில் கண்ணுக்குத் தெரியும் குளம் முதலில் திருந்தும். காட்டுக்குள் கைவிடப்பட்ட குளம் அப்படியே கிடக்கும்.

மணலுக்குள் ஓடும் ஆறு

மாசி கழிந்தால் மேற்பரப்பில் ஓட்டம் நின்றுவிடும். ஆறு வற்றிவிட்டது என்கிறோம். மணலுக்கு அடியில் அது இன்னும் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு கணக்கு: 20 மீற்றர் அகலம், இரண்டு மீற்றர் ஆழ மணல், ஒரு கிலோமீற்றர் நீளம். மொத்த மணல் 40 ஆயிரம் கனமீற்றர். பருமணலில் நான்கில் ஒரு பங்கு அளவு எடுக்கக்கூடிய தண்ணீர் நிற்கும். அது 10 ஆயிரம் கனமீற்றர். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லீற்றர் என்றால் 270 பேருக்கு ஒரு வருடம். வெயில் அதைத் தொட முடியாது. மேல் மணல் அரை மீற்றர் காய்ந்ததும் ஆவியாதல் ஏறக்குறைய நின்றுவிடும்.

இந்தத் தண்ணீரை எடுக்கும் வழி ஊற்றுத் தோண்டுவது. எங்கே தோண்டுவது என்பதில்தான் அனுபவம் இருக்கிறது. ஆற்றைக் குறுக்கறுத்துப் பாறை தெரியும் இடம் இருந்தால், அந்தப் பாறைக்குச் சற்று மேற்புறம் தோண்ட வேண்டும். நிலத்துக்கடியில் பாறை ஒரு அணை. தண்ணீர் அதன் பின்னால் தேங்கி நிற்கும். பாறைக்குக் கீழ்ப்புறம் தோண்டினால் இரண்டு மடங்கு ஆழம் போனாலும் ஈரம்தான் வரும். பாறை இல்லாவிட்டால் வளைவின் வெளிப்பக்கம், உயர்ந்த கரைக்குக் கீழே பார்க்கலாம். மாரியில் வெள்ளம் அங்கேதான் ஆழமாகக் குடைந்திருக்கும், மணல் தடிப்பாக நிறைந்திருக்கும். யானை காலால் பறித்த குழி கண்டால் வேறு அடையாளம் வேண்டாம். குழியின் வாயை ஆழத்தின் இரண்டு மடங்கு அகலமாக வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் மணல் சரிந்து மூடும். தண்ணீர் தெரிந்ததும் அடி வெட்டிய தகரப் பீப்பாவை இறக்கி, அதற்குள் மணலை அள்ள அள்ளப் பீப்பா தானாக இறங்கும். முதல் தண்ணீர் கலங்கல். மூன்று முறை முழுதாக இறைத்துவிட்டு ஒரு மணித்தியாலம் விட்டால், அடியில் மணிமணியாக மணல் புரள, பக்கத்திலிருந்து தெளிந்த தண்ணீர் வரும். மாடும் யானையும் குடிக்கும் ஆறு என்பதால் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

இந்த மணலைத்தான் இரவில் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றுகிறார்கள். வீடு கட்ட மணல் வேண்டும், மறுக்க முடியாது. போரில் இடிந்த ஊர்களை மீண்டும் கட்டியது இந்த மணல்தான். ஆனால் எவ்வளவு, எங்கே என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு மாரியும் மேலிருந்து கொண்டுவந்து போடுகிற அளவு மட்டுமே வருமானம். அதற்கு மேல் எடுப்பது மூலதனத்தில் கைவைப்பது. அதோடு ஆற்றில் வெட்டிய குழி இருந்த இடத்திலேயே இருக்காது. அடுத்த வெள்ளத்தில் தண்ணீர் குழியின் மேல்விளிம்பில் சிற்றருவியாக விழுந்து, விளிம்பை அரித்து, குழி மேலே மேலே ஏறிக்கொண்டு போகும். கீழே வெட்டியவரின் குழி, ஒரு கிலோமீற்றர் மேலே உள்ள பாலத்தின் அத்திவாரத்தைத் தோண்டும். ஆற்றுப்படுகை ஒரு மீற்றர் தாழ்ந்தால் இருகரைக் கிணறுகளின் நீர்மட்டமும் சேர்ந்து இறங்கும். கரை மருதின் வேர்கள் அந்தரத்தில் தொங்கும். அடுத்த வெள்ளம் மரத்தைச் சரித்து, சரிந்த மரம் ஓட்டத்தை எதிர்க்கரைக்குத் திருப்பி, அங்கே வயலைத் தின்னும். கோடையில் போய்ப் பார்த்தால் படுகையில் மணலுக்குப் பதில் சாம்பல் களி வெடித்துக் கிடக்கும் இடங்கள் இருக்கும். களி தெரிந்த இடத்தில் ஊற்று இல்லை.

இரணைமடு

இரணை என்றால் இரட்டை. இரண்டு மடுக்கள் அருகருகே இருந்த இடம். ஹென்றி பார்க்கர் என்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர் 1885இல் திட்டம் போட்டார். 1902இல் வேலை தொடங்கி 1920களின் தொடக்கம் வரை நீண்டது. 1936இல் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலமில்லாதோரைக் குடியேற்றும் திட்டத்தில் கிளிநொச்சி நகரம் உருவானது; அந்த ஊருக்குச் சோறு போட்டது இந்தக் குளம். பிறகு பலமுறை கட்டு உயர்த்தப்பட்டது. கடைசித் திருத்தத்தில் நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாகி, கொள்ளளவு 131 மில்லியனிலிருந்து 148 மில்லியன் கனமீற்றரானது. ஏக்கர் அடியில் ஏறத்தாழ 1,20,000.

இரண்டு அடி உயர்த்தியதற்கு 17 மில்லியன் கனமீற்றர் கிடைத்ததிலிருந்தே நிலம் எவ்வளவு தட்டை என்று விளங்கும். சிறுபோக நெல்லுக்கு வாய்க்கால் இழப்போடு ஏக்கருக்கு 5 அல்லது 6 ஏக்கர் அடி போகும். ஆவியாவதையும் குடிநீருக்கும் மீனுக்கும் அடியில் விட வேண்டியதையும் கழித்த பிறகு மிஞ்சியதை வைத்துத்தான் பங்குனி, சித்திரையில் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கூட்டத்தில் தீர்மானிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் வரும் சண்டையெல்லாம் உண்மையில் ஆற்றின் மேற்பாகத்தைப் பற்றிய சண்டை. யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொடுப்பதா என்ற நீண்ட சர்ச்சையிலும் இரு பக்கமும் குளத்து மட்டத்தைப் பற்றியே பேசின. மேலே உள்ள 600 சதுர கிலோமீற்றர் காட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றிப் பேசியது குறைவு. காடு அழிந்து மண் அரித்து வந்தால் குளத்தின் அடி உயரும். கட்டை எத்தனை அடி உயர்த்தினாலும் அது ஈடாகாது.

திருத்திய குளம் 2018 டிசெம்பர் தொடக்கத்தில் திறந்து வைக்கப்பட்டது. அதே மாதம் 21ஆம் திகதி இரவு பெருமழை. நிறையும் நிலையில் இருந்த குளத்துக்கு மேலிருந்து வெள்ளம் வந்து, வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. யார் மீது பிழை என்று நிறையப் பேசியாகிவிட்டது. புவியியல் சொல்வது இதைத்தான்: மார்கழியில் குளத்தை விளிம்பு வரை வைத்திருந்தால், மேலே ஊறிய நிலத்தில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தவுடன் 30 மில்லியன் கனமீற்றருக்கு இடம் தேட வேண்டும். முன்கூட்டியே சிறிது சிறிதாகத் திறந்தால் கீழே ஆறு கரைக்குள் கொண்டுபோகும். பிந்தித் திறந்தால் ஒரே நேரத்தில் போகும். மழை வராவிட்டால் திறந்துவிட்ட தண்ணீருக்குக் கமக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்த முடிவை எடுப்பவர் கையில் மேற்பாகத்துக் குளங்களின் மட்டம் மணிக்கொரு முறை இருக்க வேண்டும்.

உவரின் எல்லை

இரணைமடுவுக்குக் கீழே ஆற்றின் குணம் மாறுகிறது. படிகப் பாறை ஆழத்துக்குப் போய்விட, வடக்கே சுண்ணக்கல்லும் அதன்மேல் மணலும் களியும் வருகின்றன. ஊரியான், முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் நிலம் கடலுக்குச் சரிசமம். பரந்தன்-முல்லைத்தீவு ஏ35 வீதியைக் கடந்ததும் ஆற்றின் சரிவு கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது. வெள்ளம் வேகமாக வராது, உயர்ந்துகொண்டே இருக்கும். வடிய வேண்டுமானால் கடனீரேரியின் மட்டம் தாழ வேண்டும்.

மேலே குளம் மறிப்பதால் சிறுபோகக் காலத்தில் கீழாற்றுக்கு வருவது வயல் வடிநீர் மட்டும்தான். அது நின்றதும் உவர் ஆற்றில் ஏறும். கிணற்று நீர் முதலில் சவர்க்காரம் நுரைக்காமல் காட்டிக்கொடுக்கும், பிறகு நாக்கு சொல்லும். வயலில் வெள்ளைப் பூப்பூத்து, கோரையும் உமரியும் முளைத்தால் அது களர். மாரியின் முதல் நல்ல தண்ணீரைக் கட்டி நிறுத்தி இரண்டு மூன்று முறை வடித்துவிட்டால் உப்பு கழுவப்படும். வடிகால் தூர்ந்திருந்தால் கழுவிய உப்பு அங்கேயே காய்ந்து திரும்பிவரும். வாய்க்காலுக்குச் செலவிடும் பணத்தில் பாதியாவது வடிகாலுக்குச் செலவிட வேண்டும்.

கடலுக்குப் போகும் இந்தத் தண்ணீரைத்தான் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1954இல் குடாநாட்டுக்கான ஆறாக மாற்ற நினைத்தார். ஆனையிறவுக் கடனீரேரியை இரு பக்கமும் கடலிலிருந்து பிரித்து, சுண்டிக்குளத்தில் வானோடு கூடிய கட்டு போட்டால், கனகராயன் ஆறு மாரிக்கு மாரி உப்பைக் கழுவி அதை நன்னீர் ஏரியாக்கும். அங்கிருந்து முள்ளியான் பக்கம் 4 கிலோமீற்றர் வாய்க்கால் வெட்டி வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுபோகலாம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உவர்த்தடுப்புக் கதவுகள் வந்தன. சுண்டிக்குளக் கட்டு வெள்ளத்தில் உடைந்தது, வாய்க்கால் முழுமையடையவில்லை. ஒரு ஆற்றின் முழு வடிநிலத்தையும் ஒரே படமாகப் பார்த்த திட்டம் அது. நிறைவேற்றுவதானால் 1938 முதல் பறவைச் சரணாலயமாகவும் 2015 முதல் தேசிய பூங்காவாகவும் இருக்கும் சுண்டிக்குளத்தின் உவர்நீர்ப் பறவைகளையும், இறால் பிடித்து வாழும் குடும்பங்களையும் அதே படத்தில் சேர்த்துத்தான் போட வேண்டும்.

கடைசி வாசல் சுண்டிக்குளத்து மணல்திட்டு. கோடையில் அலை மணலைக் குவித்து முகத்துவாரத்தை மூடிவிடும். மாரியில் உள்ளே தண்ணீர் உயர உயர, வெட்டிவிடுங்கள் என்று கமக்காரர் கேட்பார்கள். இறால் குஞ்சு உள்ளே வந்து வளர வேண்டும் என்பது மீனவர் கணக்கு. உள்மட்டம் கடல் மட்டத்தை விடப் போதிய அளவு உயருமுன் வெட்டினால் ஓட்டத்துக்கு வேகம் இருக்காது; அலை இரவோடிரவாக மணலைத் திருப்பிப் போட்டு மூடிவிடும், கூலி வீண். பிந்தி வெட்டினால் கண்டாவளை வயல் ஒரு வாரம் கூடத் தண்ணீருக்குள் கிடக்கும். கதிர் வந்த நெல் அவ்வளவு நாள் தாங்காது. கடல் வற்றத் தொடங்கும் நேரத்தில், திட்டின் ஒடுங்கிய இடத்தில், கடற்பக்கத்திலிருந்து உட்பக்கமாக ஒரு மீற்றர் அகலத்துக்கு வெட்டிக்கொண்டு வந்து, கடைசி இரண்டு அடியைத் தண்ணீரிடமே விட்டுவிட வேண்டும். கசிந்து, ஒழுகி, பிறகு கரை இரு பக்கமும் பாளம் பாளமாக விழ, காலையில் தோண்டிய மண்வெட்டி வாய்க்கால் பின்னேரத்துக்குள் ஆறாகிவிடும். சேமமடுப் பக்கத்துச் செம்மண் நிறம் அப்போதுதான் கடலில் தெரியும்.